நேயமும் அளவும்

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சொல்லிச் சொல்லி நாம் பழகிவிட்டோம். பழமொழி உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மிஞ்சியது நஞ்சு என்று அறிந்தவன் மறுகணமே அதை வெட்டிக் குறைக்கக் கிளம்பிவிடுகிறான். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு விரைவாகக் குறைப்பது, குறைக்கும்போது அதனோடு சேர்ந்து வேறு எது குறைகிறது என்ற கேள்விகளுக்குப் பழமொழியில் விடை இல்லை. குடும்பங்களில் நிகழும் துயரங்கள் பல, அந்த விடை தெரியாத இடத்தில்தான் தொடங்குகின்றன.

அந்த இடத்தைச் சிந்தித்துப் பார்க்க ஒரு சின்னஞ்சிறு எஞ்சின் நமக்குத் துணை செய்யும். விளையாட்டுச் சாமானில் என்ன அறம் இருக்கப்போகிறது என்று வாசகர் சிரிக்க வேண்டாம். ஏர்முனையிலும் தறியிலும் அறம் கண்ட மக்கள்தாமே நாம்?

தொலைவில் நின்று வானொலி அலையால் செலுத்தும் சிறு பந்தயக் கார்களில் மின்கலத்தால் ஓடுபவை ஒரு வகை. எரிபொருளால் ஓடுபவை மற்றொரு வகை. பெரிய காரில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள பந்தயக் காருக்குப் பொருத்தும் எஞ்சினின் கொள்ளளவு பெரும்பாலும் 3.5 கன சென்டிமீட்டர்தான். கட்டைவிரல் பருமனே உள்ள அதன் பிஸ்டன் நிமிடத்துக்கு 30,000 தடவைக்கு மேலும் ஏறி இறங்கவல்லது. மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் மூன்றும் கலந்த திரவமே அதன் உணவு. தீப்பொறி எழுப்பும் பிளக் அதில் இல்லை. 1947-இல் ரே ஆர்டன் என்ற அமெரிக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த 'குளோ பிளக்'கின் வழிவந்த ஒரு பிளாட்டினக் கம்பிச் சுருளே நெருப்பைக் காத்துவைக்கிறது. தொடக்கத்தில் மட்டும் அதை மின்சாரத்தால் சூடாக்குவார்கள். பிறகு ஒவ்வோர் எரிப்பின் வெப்பமும் அடுத்த எரிப்புக்கு அதைத் தணலாகவே வைத்திருக்கும்.

காற்றோடு எரிபொருள் எவ்வளவு சேர வேண்டும் என்பதைக் கார்புரேட்டரில் உள்ள ஊசித் திருகுகள் தீர்மானிக்கின்றன. எரிபொருள் மிகுந்தால் கலவை 'ரிச்' என்பார்கள். குறைந்தால் 'லீன்' என்பார்கள். செல்வச் செழிப்பும் மெலிவும்! செழிப்பு மிகுந்த எஞ்சினின் கோலத்தைப் பாருங்கள். வெண்புகையைக் கக்குகிறது. புகைக்குழாயில் எண்ணெய் வடிகிறது. வேகம் கேட்டால், தொண்டையில் கோழை கட்டியவனைப் போல் களகளவென்று இழுத்து இழுத்து ஓடுகிறது. நின்ற நிலையில் சிறிது நேரம் விட்டால், சுருள் நனைந்து குளிர்ந்து அணைந்துவிடுகிறது. தலைப்பகுதியில் ஒரு துளி நீர் விட்டால், அது ஆவியாகாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அளவுக்கு மேல் ஊட்டி வளர்த்த பிள்ளையின் சோம்பல் இது. தீங்கும் இல்லாமல் இல்லை. உலோகம் போதிய சூடேறி விரியாததால், சிலிண்டரின் குறுகிய மேல்முனையில் பிஸ்டன் இறுகி இறுகி ஏறுகிறது. அதைத் தாங்கும் இணைப்புத் தண்டு நாளடைவில் நலிகிறது.

மருந்து எளிது. ஊசித் திருகை வலப்பக்கம் திருப்பினால் எரிபொருள் குறையும். திருப்பியவுடன் புகை மெலிகிறது, குரல் கூர்மையாகிறது, கார் பாய்கிறது. இன்னும் சிறிது திருப்பினால் இன்னும் பாய்கிறது. இங்கேதான் மனித மனத்துக்குச் சோதனை. ஒவ்வொரு திருப்புக்கும் பரிசு கிடைக்கிறது. பரிசு வந்துகொண்டிருக்கும்போது, போதும் என்று நிறுத்தக் கை எளிதில் இசைவதில்லை. எஞ்சின் மிக இனிமையாகப் பாடும் நேரமே அதன் அழிவுக்கு மிக அருகில் உள்ள நேரமாகவும் இருக்கலாம்.

ஏன் அப்படி? பெரிய காரில் எண்ணெய்க்கென்று தனி இடம் உண்டு. இந்தச் சிறு எஞ்சினுக்கு அது கிடையாது. உராய்வைத் தடுக்கும் எண்ணெய், உணவோடு கலந்தேதான் உள்ளே வருகிறது. உணவைக் குறைத்தால் எண்ணெயும் குறைகிறது. நாம் குறை சொன்னோமே, அந்தப் புகையில் மெல்லிய ஓர் இழை, எண்ணெய் உள்ளே சென்று பணி செய்கிறது என்பதற்குச் சாட்சி. சாட்சி அறவே மறைந்தபின் வெப்பம் ஏறுகிறது. உலோகத்தை உலோகம் தேய்க்கிறது. பிஸ்டன் இறுகி நிற்கிறது. மிகுதியால் நின்ற எஞ்சினைப் பெரும்பாலும் மீண்டும் கிளப்பிவிடலாம். வறட்சியால் இறுகி நின்றது பல சமயம் எழுவதே இல்லை.

தமிழில் நேயம் என்ற சொல்லுக்கு அன்பு என்றும் பொருள் உண்டு. எண்ணெய் என்றும் பொருள் உண்டு. செல்லத்தால் கெட்ட மகனைத் திருத்தப் புறப்படும் ஒரு தந்தையை எண்ணிப் பாருங்கள். அவர் பணத்தை நிறுத்துகிறார். அதோடு பேச்சையும் நிறுத்துகிறார். கூட உட்கார்ந்து உண்பதையும் நிறுத்துகிறார். மகன் அஞ்சிச் சுறுசுறுப்பாகிறான். கண்டிப்பின் பலனைப் பார்த்தீர்களா என்று தந்தை ஊராரிடம் பெருமை பேசுகிறார். அவர் குறைக்க நினைத்தது மிகுதியை, குறைந்துபோனது நேயம். அந்த வீட்டில் உராய்வின் ஓசை கேட்கச் சில ஆண்டுகள் ஆகலாம். கேட்கும்போது திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பிப் பயன் இராது.

அப்படியானால் மிகுதியைப் பொறுத்துக்கொண்டே இருக்கலாமா? கூடாது. ஆனால் திருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கைதேர்ந்தவன் முதலில் திருகைத் தொடுவதில்லை. காற்று வடிகட்டி அழுக்கேறி அடைத்திருக்கிறதா, சுருள் பழுதாகிவிட்டதா என்று பார்க்கிறான். மூச்சுத் திணறுகிறவனைப் பெருந்தீனிக்காரன் என்று பழிப்பது அநியாயம் அல்லவா? விசையை அழுத்தியதும் எஞ்சின் தயங்குகிறதென்றால், அது மிகுதியாலும் இருக்கலாம், குறைவாலும் இருக்கலாம். ஒரே அறிகுறிக்கு நேர்மாறான இரு காரணங்கள்! ஆகவே எரிபொருள் குழாயை விரலால் அழுத்திப் பிடித்துக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கிறான். உடனே அணைந்தால் குறைவு. குரல் உயர்ந்துகொண்டே போய் நெடுநேரம் ஓடினால் மிகுதி. பிறகு முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கோ எட்டில் ஒரு பங்கோதான் திருப்புகிறான். சில சுற்று ஓட்டிப் பார்த்து, வெப்பம் ஏறத்தாழ 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் நிற்கிறதா என்று அளந்தபிறகே மறுபடி திருகைத் தொடுகிறான்.

நேற்றைய அளவு இன்றைக்கு ஆகாது என்பதும் அவனுக்குத் தெரியும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அது கூடுதலாக எரிபொருள் கேட்கும். வெயில் ஏறினால் குறைவாகக் கேட்கும். புதிய எஞ்சினுக்கோ, பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் வரையில், வேண்டுமென்றே சற்று மிகுதியாகக் கொடுக்க வேண்டும். ஒரு பருவத்தில் குற்றமானது மற்றொரு பருவத்தில் கடமையாகிறது. அளவை ஒரு முறை கண்டுபிடித்துவிட்டால் போதும், பிறகு கண்ணை மூடிக்கொள்ளலாம் என்பவனுக்கு எஞ்சினும் வசப்படாது, பிள்ளையும் வசப்படமாட்டான்.

மிகுதியும் தவறு, குறைவும் தவறு என்று சொல்லி நடுவில் நின்றுவிடுவது எளிது. ஆனால் இரண்டு தவறுகளும் ஒரே எடை உள்ளவை அல்ல. ஒன்றுக்குப் பெரும்பாலும் மீட்சி உண்டு. மற்றொன்றுக்குப் பல வேளைகளில் இல்லை. அதனால்தான் கைதேர்ந்தவன், வேகத்தின் உச்சத்தைக் கண்டபிறகு, அங்கேயே நிற்காமல் திருகைச் சற்றே இடப்பக்கம் திருப்பிவிடுகிறான். பந்தயத்தில் ஒரு நொடி போனாலும் போகட்டும் என்று மிகுதியின் பக்கமே ஒரு மயிரிழை சாய்ந்து நிற்கிறான். பிள்ளைகளைத் திருத்துகிறவர்களும், கீழே பணிபுரிகிறவர்களைத் திருத்துகிறவர்களும் அவனிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இதுதான். திருத்துங்கள், ஆனால் மெல்லிய புகை ஒன்று தெரிந்துகொண்டே இருக்கட்டும்.