புள்ளியைப் பார்த்தேன், பிள்ளையைப் பார்த்தேனா?



என் வீடு கிள்ளானில். வேலை பிரிக்பீல்ட்ஸில். தினமும் காலையில் கொமுட்டர் ஏறினால் கேஎல் சென்ட்ரல் வரை கையில் கைப்பேசிதான். ஷா ஆலம் வரும்போது மகள் புலனத்தில் கடைசியாக எப்போது வந்தாள் என்று பார்ப்பேன். சுபாங் ஜெயாவில் இன்னொரு முறை. அங்காசாபுரி தாண்டும்போது இன்னொரு முறை. அவள் கெடா மாநிலம் சிந்தோக்கில், வட மலேசியப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். "பாசம்தானே, இதில் என்ன தப்பு?" என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அவள் புறப்பட்டுப் போன நாளில் ஒரு நிபந்தனை வைத்தேன். கூகள் வரைபடத்தில் அவள் இருக்கும் இடம் எப்போதும் எனக்குத் தெரிய வேண்டும். "சரிப்பா" என்றாள். வேறு என்ன சொல்வாள்? படிப்புச் செலவுக்குக் காசு அனுப்புகிறவன் நான்.

ஒரு நாள் இரவு மணி 11.40. அந்தப் புள்ளி வளாகத்தில் இல்லை, சங்லூன் பட்டணத்தில் நிற்கிறது. அழைத்தேன், எடுக்கவில்லை. மறுபடி அழைத்தேன். ஒன்பது முறை. அறைத்தோழிக்கு அழைத்தேன். அவளும் எடுக்கவில்லை. மனைவியை எழுப்பி, "பாரு உன் மகளை" என்று அவளையும் திட்டினேன். ஒரு மணி நேரம் கழித்து மகளே அழைத்தாள். அறைத்தோழிக்குக் கடுமையான காய்ச்சலாம். கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். கைப்பேசியின் சத்தத்தை அடக்கி வைத்திருந்தாளாம்.

நான் முதலில் கேட்டது, "யாரைக் கேட்டு வெளிய போன?"

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சொன்னாள்: "நான் எங்க இருக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுச்சுப்பா. ஏன் இருக்கேன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பிள்ளையைக் கவனிப்பதற்கும் வேவு பார்ப்பதற்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? அந்தக் கோட்டை நான் எப்போது தாண்டினேன்?

"எங்க காலத்துல இதெல்லாம் இல்ல, பிள்ளைங்க ஒழுங்கா இருந்தோம்" என்று சிலர் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தொண்ணூறுகளில் நான் ஸ்கூடாயில் படித்தேன். ஞாயிறு இரவு பொதுத்தொலைபேசி முன்னால் வரிசையில் நிற்போம். கையில் 20 காசுகள். அப்பா தோட்டத்தில் வேலை. வீட்டில் தொலைபேசி கிடையாது. பக்கத்து மளிகைக்கடைக்கு வந்து காத்திருப்பார். அவருக்கு இரண்டே கேள்விகள்தான்: "சாப்டியா? காசு இருக்கா?" காசு தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்துவிடும்.

அந்தக் காலத்தில் நான் ஒரு தாளில் தோற்றேன். அப்பாவிடம் சொல்லவில்லை. ஒரு பருவம் முழுக்க மறைத்தேன். சொன்னால் என்ன ஆகுமோ என்ற பயம். அவர் என்னைக் கண்காணிக்கவே இல்லை, அவரால் முடியவும் முடியாது. ஆனாலும் நான் மறைத்தேன். இன்று கருவி இருக்கிறது, பிள்ளைகள் மறைக்கிறார்கள். அன்று கருவி இல்லை, நாங்களும் மறைத்தோம். அப்படியானால் குறை கருவியில் மட்டும் இல்லை. கெட்ட செய்தியை எடுத்துக்கொண்டு வந்தால் இந்த வீட்டில் இடம் உண்டா என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் ஒரே கேள்வி.

கருவியைத் திட்டுவதும் நியாயமில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது என் அக்காள் மகன் கோத்தா கினபாலுவில் விடுதியில் மாட்டிக்கொண்டான். வாரக்கணக்கில் ஊர் திரும்ப முடியவில்லை. அக்காள் அடுப்படியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்துச் சமைப்பார். அவன் அங்கே படுத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ள மாட்டார்கள். கடுகு வெடிக்கும் சத்தம் அவனுக்குப் போதுமாக இருந்தது. அதே கைப்பேசிதான். அவர் அதை வாசலாக வைத்துக்கொண்டார். நான் சாவித்துவாரமாக வைத்துக்கொண்டேன்.

புலனத்தில் நீல 'டிக்' வந்தது 2014-இல். "படிச்சிட்டு ஏன் பதில் போடல?" என்ற சண்டையும் அதோடு வந்தது. சில நாளிலேயே அதை அணைத்து வைக்கும் வசதியும் வந்தது. பூட்டு வந்தால் கள்ளச்சாவி வரும். எவ்வளவு பார்க்கிறோமோ அவ்வளவு ஒளிக்கக் கற்றுக்கொள்வார்கள். நம் பிள்ளைகள் பலரிடம் அப்பா அம்மாவுக்கு ஒரு படவரிக் கணக்கு, நண்பர்களுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. கேட்டுப் பாருங்கள், சிரிப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் 18 வயது நிறைந்தவர் பெரியவர். 2021 டிசம்பர் 15 முதல் அந்த வயதில் ஓட்டுரிமையும் உண்டு. 2022 நவம்பரில் நடந்த பொதுத்தேர்தலில் அந்த வயதுப் பிள்ளைகளும் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். நாட்டை யார் ஆள வேண்டும் என்று தீர்மானிக்கத் தகுதி உள்ள பிள்ளை, இரவு சங்லூனுக்குப் போக என்னிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

"அதுக்காக அப்படியே விட்டுட முடியுமா லா?" என்று என் நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. பகுதிநேர வேலை என்று ஆசை காட்டி, மாணவர்களின் வங்கி அட்டையை வாங்கி, மோசடிப் பணத்தை அந்தக் கணக்கு வழியாக ஓட்டும் கும்பல்கள் இருக்கின்றன. கடைசியில் போலீஸ் தேடுவது கணக்குக்குச் சொந்தமான பிள்ளையை. ஆனால் யோசித்துப் பாருங்கள். பிள்ளை விடுதிக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டே அந்தக் குழியில் விழலாம். வரைபடத்தில் புள்ளி சரியான இடத்தில்தான் இருக்கும். அந்த நேரத்தில் அவளைக் காப்பாற்றக்கூடியது, பயப்படாமல் "அப்பா" என்று கூப்பிடும் தைரியம் ஒன்றுதான்.

மாம்பழத்துக்குக் கோபித்துக்கொண்டு முருகன் மலையேறிய கதை நமக்கெல்லாம் தெரியும். தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும்போதெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதில் பெற்றோர் செய்ததை நான் கவனித்ததே இல்லை. எங்கள் வீட்டில் பாட்டி சொன்ன கதையில், அம்மையும் அப்பனும் அவன் இருந்த இடத்துக்கே போனார்கள், அவனைச் சமாதானப்படுத்தினார்கள். இழுத்துக்கொண்டு வரவில்லை. மலை அவனுடையதாகவே இருந்தது. திருவள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் தந்தையின் கடமையையும் மகனின் கடமையையும் சேர்த்தேதான் பேசுகிறார். கடமை ஒரு பக்கம் மட்டும் இல்லை.

அடுத்த விடுமுறையில் மகள் வந்தபோது உட்கார்ந்து பேசினோம். நானே என் கையால் அந்தப் புள்ளியை அணைத்தேன். ஸ்கூடாயில் தோற்ற தாளைப் பற்றியும் சொன்னேன். "நீங்களாப்பா?" என்று வாயைப் பிளந்தாள். ஞாயிறு இரவு எட்டரைக்குக் காணொளி அழைப்பு. நேரத்தைத் தேர்ந்தெடுத்தது அவள். வழக்கத்துக்கு மாறாக வெகு நேரம் வெளியே இருக்க நேர்ந்தால் ஒரு வரி அனுப்புவாள். நான் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படங்களை நிறுத்த வேண்டும். (அது எனக்குக் கொஞ்சம் வலித்தது.) கடைசியாக ஒரு நிபந்தனை போட்டாள்: "பிரச்சினைன்னு நான் கூப்பிட்டா, முதல் பத்து நிமிஷம் நீங்க திட்டக்கூடாது."

போன மாதம் அழைத்தாள். ஞாயிறு இல்லை, செவ்வாய். யாரோ வேலை தருவதாகச் சொல்லி வங்கி அட்டையைக் கேட்டார்களாம். கொடுக்கவில்லை. ஆனால் அடையாள அட்டையின் படத்தை அனுப்பிவிட்டாள். எனக்கு நெஞ்சு படபடத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளே போலீசில் புகார் செய்தாள், வங்கிக்கும் தெரிவித்தாள். பத்து நிமிடம் முடிந்த பிறகு திட்டினேனா என்று கேட்காதீர்கள். கொஞ்சம் திட்டினேன்.

அடுத்த முறையும் கூப்பிடுவாள் என்று உத்தரவாதம் இல்லை. நம்புவது என்றால் அந்தப் பயத்தை நாமே சுமப்பதுதான். இத்தனை நாள் என் பயத்தை அவள் தலையில் ஏற்றி, அதற்குப் பாசம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இதைப் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கும் ஒன்று. வீட்டில் ஒருவர் படுக்கப் போகுமுன் கைப்பேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். "சாப்பிட்டேன்பா, நல்லா இருக்கேன்." இதை எழுதப் பத்து விநாடி ஆகாது. அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

இப்போதும் கொமுட்டரில் ஷா ஆலம் வந்ததும் கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுவிடுகிறேன். சில நாள் மட்டும் சுபாங் ஜெயா வரை கையிலேயே இருக்கும்.