ஏரிக்கு இட்ட பெயர்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், 1911-ஆம் ஆண்டு முதல் மாநிலப் பூங்காவாகப் பேணப்பட்டுவரும் ஓர் ஏரிக்கரையில் ஒரு பகற்பொழுதைக் கழித்தபோது, ஸ்தலத்தின் சாந்நித்தியம் ஸ்தலத்திலேயே உறைகிறதா, அன்றி அதனைத் தரிசிக்கும் மனத்தில் உதிக்கிறதா என்னும் பழைய வினா என்னை விடாது தொடர்ந்தது. ஹோ-சங்க் பூர்வகுடிகள் புனித ஏரி என்று போற்றிய அந்நீர்நிலைக்குப் பின்வந்தோர் சூட்டிய நாமமோ டெவில்ஸ் லேக், பிசாசின் ஏரி! பிறர் தெய்வத்தைப் பேயென்று அழைத்துவிடுவது எத்துணை எளிதாகிவிடுகிறது என்று நெஞ்சு நொந்தேன்.

கரையோரம் ஊதா கலந்த செந்நிறக் குவார்ட்சைட் பாறைகள். 160 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அவை வெறும் மணலாய்க் கிடந்த காலத்தில் நீரலை வரைந்த வரிகள் இன்னும் அழியாதிருக்க, அவற்றின் மேடுபள்ளங்களை விரலால் ஒவ்வொன்றாய்த் தடவிப் பார்த்தேன். பனியாறு விட்டுச்சென்ற மண்மேடுகள் பள்ளத்தாக்கை இருபுறமும் அடைத்ததால் உண்டான ஏரி இது என்று விஞ்ஞானம் கூறும் காரணம், அதன் மகிமையில் ஓர் அணுவையும் குறைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. பெயர் மாறியும் அங்கே வருவோர் குரல் தானே தாழ்வதைக் கண்டு, ஸ்தலத்தின் பக்கமே என் மனம் சாய்ந்தது.

தென்கிழக்குக் கரையில், சிறகு விரித்த பறவையின் வடிவில் பண்டையோர் குவித்த மண்மேடு ஒன்று உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு அதனருகே சற்று நேரம் நின்றேன், புல் குளிர்ந்திருந்தது.