கடைமடைக்காரர்கள்

ஒரு வீட்டின் யோக்கியதையை அறிய வாசல் கோலத்தைப் பார்த்தால் போதாது. கொல்லையையும் எட்டிப் பார்க்க வேண்டும். மிஞ்சியதை என்ன செய்கிறான் என்பதில்தான் மனிதனின் குணம் தெரிகிறது. எங்கள் தஞ்சாவூர்க் கிராமங்களில் இதற்கு எருக்குழி என்று ஓர் ஏற்பாடு உண்டு. சாணமும் சாம்பலும் சருகும் வருஷம் முழுவதும் அதில் சேரும். கோடையில் வண்டி கட்டி வயலுக்குக் கொண்டு போவார்கள். தை மாதம் அதுவே நெல்லாக வீடு திரும்பும். கழிவு என்ற சொல்லுக்கு அங்கே நிரந்தரமான அர்த்தமே கிடையாது.

அர்த்தம் நிரந்தரமாகிவிட்ட ஒரு கழிவைப் பற்றித்தான் இப்போது சொல்ல வருகிறேன். கல்பாக்கத்தில் 1980களிலிருந்தும், கூடங்குளத்தில் 2013-லிருந்தும் அணு உலைகள் மின்சாரம் தருகின்றன. என் மேஜை விளக்கில் அதுவும் கலந்துதான் எரிகிறது. எரிந்து தீர்ந்த எரிபொருளிலே ஸீஸியமும் ஸ்ட்ரான்ஷியமும் 30 வருஷத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைகின்றன. அதே எரிபொருளில் இருக்கும் புளூட்டோனியம் பாதியாகக் குறைய 24,000 வருஷமாகும். விஞ்ஞானம் எனக்குக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு சரி. ஆனாலும் இந்தக் கணக்கு புரியாமல் போகவில்லை. இத்தகைய கழிவைப் பல நூறு மீட்டர் ஆழத்தில், அசையாத பழம்பாறைக்குள், நீர் எட்டாதபடி புதைப்பதே நல்லது என்று உலக நிபுணர்களில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். இருக்கட்டும். பாறைக்கு மேலே ஓர் ஊர் இருக்குமே, அது எந்த ஊர்?

எங்கள் ஊராக இருக்காது. காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டலும் மணலும், தோண்டினால் ஊறும் நீருமாக இருக்கிற பூமி இது; இந்தக் காரியத்துக்கு உதவாது. போதாக்குறைக்கு 2020-ல் இதைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டமே செய்துவிட்டார்கள். ஆக, எங்களுக்கு விலக்கு. விலக்குப் பெற்றவன் நியாயம் பேசுவது மிகவும் சுலபம். ஆகையால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் மேலே எழுதுகிறேன்.

இடம் தேடுகிறவர்களின் பேச்சில் ஒரு காலத்தில் கோலார் தங்கவயல் அடிபட்டது. கோலாருக்கும் காவிரிக்கும் பழைய உறவு. சிவசமுத்திரத்தில் விழும் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து, 1902-ல் கோலார்ச் சுரங்கத்துக்குத்தான் முதலில் கொண்டு போனார்கள். அந்த மின்சாரம் தடைப்படக் கூடாது என்பதும் மைசூர் சமஸ்தானம் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டியதற்கு ஒரு காரணம். மூன்று கிலோ மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் இறங்கித் தங்கம் எடுத்த தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டிலிருந்து பிழைக்கப் போன ஏழைகள். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். தங்கம் போன இடம் தெரியவில்லை. சயனைடு கலந்த மண் மட்டும் குன்று குன்றாக ஊரிலேயே தங்கிவிட்டது.

அந்தச் சுரங்கத்தில், சுமார் ஆயிரம் மீட்டர் ஆழத்தில், 1980களில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் ஒரு சோதனை செய்தார்கள். கழிவை வைக்கவில்லை; சூடேற்றும் கருவிகளை வைத்து, வெப்பத்தைப் பாறை எப்படித் தாங்குகிறது என்று பார்த்தார்கள். 2012 நவம்பரில், சுப்ரீம் கோர்ட்டில் கூடங்குளம் வழக்கு நடந்தபோது, கழிவைப் புதைக்கக் கோலார்ச் சுரங்கம் என்ற பேச்சு எழுந்தது. ஊர் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். அப்படி ஒரு யோசனையே இல்லை என்று சர்க்கார் சொல்லிவிட்டது.

கோலார் ஜனங்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். தன் ஊரின் தலைவிதியைக் கோர்ட்டுச் செய்தியில் படித்துத் தெரிந்துகொள்ள யாருக்குத்தான் சம்மதமாக இருக்கும்? ஆனால் கோலார் வேண்டாம் என்றதும் கழிவு மாயமாகிவிடவில்லை. கூடங்குளத்து உலையிலிருந்து எடுத்த எரிபொருள் அங்கேயே தண்ணீர்த் தொட்டியில் இருக்கிறது. அதை உலைக்கு வெளியே வைக்க ஒரு சேமிப்பகம் கட்டுவதென்று, 2019 ஜூலையில் மக்கள் கருத்தைக் கேட்கக் கூட்டம் அறிவித்தார்கள். எதிர்ப்பு வலுத்ததும் தள்ளிவைத்தார்கள். புதைக்க நிரந்தர இடம் எதுவும் இல்லாதபோது, தற்காலிகம் என்று வருவதே நிரந்தரமாகிவிடாதா என்று அங்குள்ள மீனவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது கஷ்டம். இடத்தைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். எல்லோரும் கையை விரித்தால், ஏற்கெனவே சுமப்பவன் தலையிலேயே சுமை இருந்துவிடும்.

தலைஞாயிறு பக்கத்தில் எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இருக்கிறார். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை அது. சில வருஷம் சேராமலும் போகும். ஒரு நாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"எங்கயாவது மலையில, காட்டுல கொண்டு போய்ப் போடட்டுமே தம்பி. நமக்கு என்ன?" என்றார்.

"அங்கேயும் ஊர் இருக்கே, அண்ணே."

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தாமே சிரித்துவிட்டார். "தலைமடைக்காரன் பேசுற பேச்சால்ல இருக்கு, நான் பேசுனது!"

அவர் சொன்னதற்கு மேல் நான் என்ன தத்துவம் சொல்லிவிடப் போகிறேன்? என் ஊர் வேண்டாம் என்று சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு. வேறு ஊரைச் சுட்டிக் காட்ட யாருக்கும் உரிமை இல்லை. அமெரிக்காவில் 1987-ல் மற்ற இடங்களை எல்லாம் ஒதுக்கிவிட்டு, நெவாடா மாகாணத்து மலை ஒன்றையே பார்ப்பது என்று காங்கிரஸ் சபை சட்டம் செய்தது. அந்த மாகாணம் விடாமல் போராடியது; இன்றுவரை அங்கே ஒன்றும் புதைக்கப்படவில்லை. ஜெர்மனியில் 1977-ல் கோர்லேபன் என்ற கிராமத்தைக் குறித்தார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் சண்டை நடந்து, 2020-ல் அந்த இடமே தகாது என்று தள்ளிவிட்டார்கள். பின்லாந்திலோ பல இடங்களை ஆராய்ந்து, வேண்டாம் என்று மறுக்கும் உரிமையை உள்ளூர்ச் சபையின் கையிலேயே கொடுத்துவிட்டுக் கேட்டார்கள். எயுரயோகி என்ற ஊர் சம்மதித்தது. நானூறு மீட்டருக்கும் ஆழத்தில் பாறையைக் குடைந்திருக்கிறார்கள்.

அந்தச் சம்மதத்திலும் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்த ஊரில் முன்பே அணு உலைகள் இருந்தன. பலருக்குச் சோறு போட்டவை அவை. வேலையில்லாத ஊரிடம் கேட்டு வாங்குகிற சம்மதத்தில், சம்மதம் எவ்வளவு, பசி எவ்வளவு என்று யார் பிரித்துச் சொல்வது? மறுத்தாலும் பிழைக்க வழியுள்ளவன் சொல்கிற 'சரி'தான் முழுச் சம்மதம்.

இனிப் பிறக்கப் போகிறவர்களிடம் அதைக்கூடக் கேட்க முடியாது. எச்சரிக்கை எழுதி வைத்தால் போதாதா என்பீர்கள். 1010-ல் தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டி முடித்த ராஜராஜன், சந்திர சூரியர் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்று தன் பெயரையும் தானங்களையும் கல்லிலே வெட்டி வைத்தான். கல் நிலைத்தது, படிக்கிறவர்கள் நிலைக்கவில்லை. வேறு ஏதோ ஒரு சோழன் கட்டியது என்று தலபுராணம் சொல்ல, ஊரும் நம்பியது. 1880களில் ஹூல்ஷ் என்ற ஜெர்மானியர் எழுத்தைப் படித்துச் சொன்ன பிறகுதான் கட்டியவன் பெயர் மீண்டது. தினமும் விளக்கேற்றிக் கும்பிட்ட இடத்திலேயே ஒன்பது நூற்றாண்டுக்குள் இவ்வளவு மறதி. புளூட்டோனியம் பாதி குறைவதற்குள் பெரிய கோவிலின் வயதைப் போல இருபத்து நான்கு மடங்கு காலம் கடந்திருக்கும்.

காலத்துக்கும் ஒரு கடைமடை இருக்கிறது. நாம் தலைமடையில் உட்கார்ந்து மதகைத் திறந்து கொண்டிருக்கிறோம். கூடங்குளத்தில் இன்னும் நான்கு உலைகளுக்கான வேலையும் தொடங்கிவிட்டது. எந்தப் பாறை ஏற்றது என்று பூகர்ப்ப சாஸ்திரிகள் சொல்லட்டும். ஆனால் அந்தப் பாறையின் மேல் வாழ்கிறவர்களைத் தேடிப் போய், முதலிலேயே, மறுக்கும் உரிமையோடு கேட்க வேண்டியது சர்க்காரின் பொறுப்பு மட்டும் அல்ல. கேட்கும்படி செய்ய வேண்டியது விளக்கைப் போடுகிற நம் எல்லோருடைய பொறுப்பும்தான். புதிதாக ஒரு மதகைத் திறக்கும் முன்பே, அது எங்கே போய் வடியும் என்று கேட்க வேண்டியதும் நாம்தான். கடைமடைக்காரனின் குரல் தலைமடை வரை கேட்பதில்லை. தண்ணீருக்காக அப்படிக் குரல் கொடுத்து ஓய்ந்த ஜில்லாக்காரர்களாகிய நாமே அதை மறந்தால், வேறு யார் நினைவில் வைத்துக்கொள்ளப் போகிறார்கள்?