தரகுக் கூலியும் பரக்கத்தும்

வீடு, மனை விற்றுக் கொடுத்துக் கமிஷன் வாங்குவது ஆகுமான தொழில்தானா என்று நம்மில் பலர் கேட்கிறார்கள். ஆகுமானதே. வேலை முடிந்தால் பேசிய கூலி என்னும் ஏற்பாட்டை, நம் கடற்கரை ஊர்களில் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் ‘ஜுஆலா’ என்று அனுமதிக்கின்றன. தரகுக் கூலியில் குற்றமில்லை என்று இப்னு ஸீரீன், ஹஸன் பஸரீ (ரஹ்) போன்றோர் கருதியதை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது கிரந்தத்தில் பதிந்துள்ளார்கள்.

ஆனால் இந்தக் கூலியில் ஒரு சோதனை இருக்கிறது. கொத்தனார் பாதிச் சுவர் எழுப்பினாலும் அன்றைய கூலி உண்டு. தரகரோ வெயிலில் பத்து முறை அலைந்து வீடு காட்டினாலும், கிரயம் முடியாவிட்டால் ஒரு காசும் இல்லை. உண்மையைச் சொன்னால் பேச்சு முறிகிறது. வாயை மூடிக்கொண்டால் கமிஷன் வருகிறது. ஹலாலும் ஹராமும் பிரிகின்ற இடம் அதுதான்.

கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். வளைகுடாவில் உழைக்கும் ஒரு தகப்பனார், மகளின் நிக்காஹுக்கு முன் வீடு வேண்டுமென்று தரகரிடம் தொலைபேசியில் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பார்த்த வீட்டின் கிணற்றில் கோடையில் உப்புநீர் ஏறும். பாகப் பத்திரத்தில் ஒரு சகோதரியின் கையெழுத்து இல்லை. விற்பவர் சொல்லவில்லை, வாங்குபவர் கேட்கவில்லை. “நான் பொய் ஒன்றும் சொல்லவில்லையே!” என்கிறார் தரகர். இது போதுமா?

போதாது. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தினால் பரக்கத் உண்டாகும், மறைத்தால் அது அழிந்துபோகும் என்பது அருமை நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இருவருக்கும் நாவாக நிற்கும் தரகருக்கு இது பொருந்தாமல் போகுமா?

“விற்பவர் என்னை நம்பி ஒப்படைத்தாரே, அவரைக் காட்டிக் கொடுக்கலாமா?” என்று கேட்கலாம். விற்பவர் எந்த விலைக்கு இறங்குவார் என்பதைக் காப்பது அமானிதம். வீட்டின் குறையை மறைப்பது மோசடி. முன்னது அவருடைய இரகசியம். பின்னது வாங்குபவருடைய உரிமை. இரு பக்கமும் கமிஷன் வாங்குபவர், அதையும் இருவருக்கும் தெரிவித்தே வாங்கட்டும். மண்டபம், இராமேசுவரம் பக்கம் கடல் தெரியும் மனை காட்டுபவர், 1991 முதல் கடலோரக் கட்டடங்களுக்கு அரசு விதிகளின் கட்டுப்பாடு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்லட்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதில் அடங்கும் திட்டங்களை விற்றுத் தரும் முகவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், பொய் வாக்குத் தரக்கூடாது என்கிறது. அதிகாரியின் கண்ணுக்குப் படாத மௌனத்தையும் அல்லாஹ் அறிவான்.

அக்காலத்தில் வியாபாரிகளை ‘ஸமாஸிரா’, அதாவது தரகர்கள் என்றே அழைத்து வந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அதைவிட அழகிய ‘துஜ்ஜார்’ என்னும் பெயரால் அழைத்து, வியாபாரத்தில் வீண்பேச்சும் சத்தியமும் கலந்துவிடுவதால் அதனோடு ஸதகாவையும் கலந்துகொள்ளும்படி அருளினார்கள். கைஸ் இப்னு அபீ கரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது.

நாவின் சறுக்கலுக்குத்தான் அந்த ஸதகா. திருமறை விதித்த சகோதரியின் பங்கை விழுங்கிய கிரயத்துக்கு அது பரிகாரமாகாது. அவருடைய பங்கு அவரிடமே போய்ச் சேர வேண்டும். முறிந்த கிரயத்தால் போன கமிஷனை வல்ல நாயன் வேறு வாசலில் தருவான். நம் அனைவருக்கும் ஹலாலான ரிஜ்கை அவன் அருள்வானாக! ஆமீன்.