தட்டிக்கு அப்பால்



யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிராமங்களில், நாற்பது ஐம்பது பிள்ளைகளே பயிலும் ஆரம்பப் பாடசாலைகள் இன்றும் உள்ளன. நீண்ட மண்டபம் ஒன்று. அதனை ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கும் தட்டிகள். ஆசிரியர் மூவரோ நால்வரோ. இரண்டாம் வகுப்புப் பிள்ளை தன் கொப்பியிற் கூட்டற் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்க, தட்டிக்கு அப்பால் நான்காம் வகுப்பார் ஏழாம் வாய்ப்பாட்டை ஒரே குரலில் ஒப்புவிக்க, கவனியாததுபோற் குனிந்திருக்கும் அச்சிறு பிள்ளையின் செவியில், இரண்டு வருஷங்களுக்குப் பின்னர் படிக்கவேண்டிய பாடம் இப்பொழுதே குடிபுகுந்துவிடுகிறது. வெளியார் இதனை இரைச்சல் என்பர். நான் பாக்கியம் என்றே கருதுகிறேன்.

இவ்வழக்கம் நம்மவருக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மூத்த மாணாக்கன் இளையவனுக்கு மணலில் எழுத்துக் காட்டினான். உபாத்தியாயர் ஒருவரே பலருக்குப் போதிக்க இயன்றது அதனாலேதான். 1789ஆம் ஆண்டிற் சென்னையில் அநாதைச் சிறுவர் விடுதியொன்றின் பொறுப்பை ஏற்ற அந்திரூ பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் விடுதியிற் கையாண்டு, தாய்நாடு திரும்பியபின் 1797இல் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகள் பலர் 'மதராஸ் முறை' என்ற பெயரில் எழுத்தறிந்தது அவ்வாறே. நம் திண்ணையின் சரக்கு கப்பலேறிப் போய்ப் பெருமை பெற்றது. நாமோ அதனை நாகரிகக் குறைவென்று எண்ணத் தொடங்கினோம்.

இளையவர் மூத்தவரிடம் கற்பது எழுத்தை மாத்திரமன்று, ஒழுக்கத்தையுந்தான். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவி, சிறுவர் தாமே வாசித்து விளங்கிக்கொள்ளும்படி நல்லொழுக்கத்தை எளிய வசனத்திற் பாலபாடங்களாக எழுதி அச்சிட்டார். தமிழ்ப் பிள்ளைகள் அவருக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது. எனினும் ஒழுக்கம் புத்தகத்திலிருந்து இறங்கி நடைமுறையாவதற்கு, வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஓரிடத்திற் கூடியிருத்தல் வேண்டும். பள்ளிக்குப் புதிதாக வந்து தாயை நினைந்து அழும் குழந்தையைக் கிணற்றடிக்கு அழைத்துச் சென்று முகங்கழுவி, தன் கொழுக்கட்டையிற் பாதியைக் கொடுத்து அமர்த்துபவள் பெரும்பாலும் ஆசிரியை அல்லள். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஐந்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி. அவளுக்கு அதனை எந்தப் பாடத்திட்டமும் விதிக்கவில்லை; பரீட்சையில் அதற்குப் புள்ளியும் இல்லை.

சிறிய பாடசாலைக்குக் குறைகள் இல்லாமலில்லை. ஓராசிரியர் இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் அல்லலுறுவதும், சங்கீதத்துக்கோ ஆங்கிலத்துக்கோ ஆளில்லாது போவதும் உண்டு. ஆனால் ஊர்ப் பள்ளிகள் பல பிள்ளைகளின்றி மெலிவதற்கு இவை மாத்திரம் காரணமல்ல. இலங்கையின் கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த காலத்தில், கிராமத்து ஏழைப் பிள்ளையும் மத்திய மகா வித்தியாலயத்திற் சென்று உயர்கல்வி பெறவேண்டும் என்னும் கருணையினாற் பிறந்த ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை, இன்று அவ்வகுப்பு முடியும்வரைகூடப் பொறுக்கமாட்டாத பெற்றோரை, பிள்ளையை முதலாம் வகுப்பிலேயே விடியற்புறத்தில் வானில் ஏற்றி நகரத்துக்கு அனுப்பச் செய்கின்றது. நகரத்திலோ ஒரே வயதினர் நாற்பது பேர் ஓரறையில். மூத்தவர் வேறு கட்டடத்தில். நாற்பதின்மரும் ஒருவரையொருவர் முந்தக் கற்றுக்கொள்வர். தேற்றுவதற்குச் சின்னவனும் இல்லை, பார்த்துப் பழகுவதற்குப் பெரியவளும் இல்லை.

அடுத்த ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்க எண்ணியிருப்போர், நகரத்துப் பாடசாலையின் விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு முன், ஒரு நாள் அதிபரிடம் அனுமதி பெற்று, தங்கள் ஊர்ப் பள்ளி மண்டபத்தின் பின்வாங்கில் அரைமணி நேரம் இருந்து பாருங்கள். எந்தத் தட்டிக்கு எப்பால் நடப்பது தங்கள் பிள்ளையின் வகுப்பு என்று தெரியாமற் சிறிது தடுமாற நேரிடலாம்.