இரு கண்ணுக்கு இரு படம்

ஹீமோகுளோபினில் 574 அமினோ அமிலங்கள் நான்கு சங்கிலிகளாக மடிந்து கிடக்கின்றன. உலாவியில் ஜேஎஸ்மோல் போன்ற நிரலில் அதைத் திறந்து மவுஸால் பிடித்துச் சுழற்றினால், எது முன்னே எது பின்னே என்று சட்டெனப் புரியும். கையை எடுத்ததும் ஆழம் மறைந்து, சிக்குண்ட நூல்கண்டு மட்டும் மிஞ்சும்.

உதாரணமாக, ஹீமோகுளோபினில் இரும்பைத் தாங்கியிருக்கும் ஹீம் என்ற தட்டை நேர்மேலிருந்து பார்த்தால், நடுவிலுள்ள இரும்பணுவை ஒட்டி ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் இரண்டு ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும். ஒன்று தட்டுக்கு இப்பால், மற்றது அப்பால். ஒன்றுதான் இரும்போடு பிணைந்தது. மற்றதற்கும் இரும்புக்கும் இடையில்தான் ஆக்ஸிஜன் வந்து அமர்கிறது. அந்த இடைவெளியை ஆற அமரப் பார்க்கப் படம் அசையாமல் நிற்கவும் வேண்டும், ஆழமும் வேண்டும்.

அது முடியும் என்று 1838இல் சார்லஸ் வீட்ஸ்டோன் காட்டிவிட்டார். இரண்டு ஆடிகள் வழியே இடக்கண்ணுக்கு ஒரு கோட்டுப்படம், வலக்கண்ணுக்குச் சற்றே மாறிய இன்னொன்று. நிழலோ வண்ணமோ இல்லை; ஆனாலும் உருவம் திரண்டு நின்றது. சுமார் 6 செ.மீ. இடைவெளியில் இருக்கும் நம் கண்கள் காணும் சிறு வேறுபாடே அதற்குப் போதும்.

உலாவியிலும் அதையே செய்யலாம்: ஒரே உருவத்தை இரண்டு கற்பனைக் கேமராக்களால் வரையலாம். இரண்டையும் பொருளை நோக்கி உள்பக்கம் திருப்பிவிடுவது சுலபமான வழி. ஆனால் தவறான வழி. படத்தின் மூலைகளில் ஒரே புள்ளி ஒரு கண்ணுக்கு மேலேயும் மறு கண்ணுக்குக் கீழேயும் விழும். கண்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து பார்க்கப் பழகியவை அல்ல. சீக்கிரமே தலை வலிக்கும். கேமராக்களை இணையாகவே வைத்து, பார்வைச் சட்டத்தை மட்டும் பக்கவாட்டில் நகர்த்துவதே சரி. இரு சட்டங்களும் பொருந்தும் தளம் திரையிலேயே நிற்கும். அதற்கு முன்னுள்ளவை வெளியே வரும், பின்னுள்ளவை உள்ளே போகும். இரும்பணுவை அந்தத் தளத்தில் வைத்தால் இரண்டு ஹிஸ்டிடின்களும் இரு பக்கமாகப் பிரிந்துவிடும்.

இனி இரண்டு படங்களையும் அந்தந்தக் கண்ணுக்கு மட்டும் சேர்க்க வேண்டும். அதற்குச் சிவப்பு–நீலப்பச்சைக் கண்ணாடி மலிவு, எந்தத் திரைக்கும் பொருந்தும். ஆனால் மூலக்கூறுப் படங்களில் ஆக்ஸிஜனுக்கு வழக்கமான நிறம் சிவப்பு. கருப்புப் பின்னணியில் அந்த அணு சிவப்பு வடிகட்டி வழியே பளிச்சென்று தெரியும், மறு கண்ணுக்கு இருண்டுபோகும். ஆழம் கூடாமல் மினுமினுக்கும். அணுக்களைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுத்தான் இந்தக் கண்ணாடியைப் போட வேண்டும். நிறமும் வேண்டுமென்றால் பக்கம் பக்கமாக இரண்டு படங்களை வைத்துக் இரு கண்களின் பார்வையும் குறுக்கே வெட்டும்படி பார்க்கப் பழகலாம்; அதற்குக் கண்ணாடியே தேவையில்லை.