புகை இல்லையே, ஆவிதானே?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாகட்டும்.

பேனா போலவோ பென்டிரைவ் போலவோ இருக்கும் ஒரு கருவி. மாம்பழம், புதினா என்று வாசனை வரும். பிள்ளையின் சட்டைப் பையில் பார்த்தாலும் அத்தாவுக்கு இன்னதென்று தெரியாது. அதுதான் வேப் எனும் மின் சிகரெட். கண்டித்தால் பிள்ளை கேட்பான்: "இது புகை இல்லையே அத்தா, ஆவிதானே? இதைக் குர்ஆனில் எங்கே தடுத்திருக்கிறது?"

இந்தக் கேள்விக்கு அடி பதிலாகாது. உண்மையைச் சொல்ல வேண்டும்.

இட்லிப் பானையில் வருவதுதான் நீராவி. வேப்பில் வருவது வேறு. பேட்டரியால் சூடாகும் கம்பிச்சுருள், கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோடின் ஆகியவை கலந்த திரவத்தை நுண்துளிகளாக்கி நுரையீரலுக்குள் அனுப்புகிறது. நிகோடின் சில வினாடிகளில் மூளைக்குப் போய்விடும். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. அதில் தன்னை அடக்கிக்கொள்ளும் பகுதி கடைசியாகத்தான் முதிர்கிறது. அதனால்தான் இளவயதில் பிடித்த பழக்கம் எளிதில் விடுவதில்லை.

அதே சமயம் மிகைப்படுத்தவும் கூடாது. "ஒரு இழுப்பில் செத்துப்போவாய்" என்றால், இழுத்த நண்பன் மறுநாள் பள்ளிக்கூடம் வருவதை அவன் பார்ப்பான். பிறகு நாம் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டான். பிள்ளையின் நன்மைக்காகச் சொன்னாலும் பொய் பொய்தான். சிகரெட்டைப் போல வேப்பில் புகையிலை எரிவதில்லை, அதனால் சில நச்சுகள் குறைவு என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் சிகரெட்டே தொடாத பிள்ளை வேப்பை எதோடு ஒப்பிட வேண்டும்? அல்லாஹ் கொடுத்த சுத்தமான காற்றோடு.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். தமிழ்நாடு 2018-லும், மத்திய அரசு 2019-லும் தடை செய்தன. விற்றால் முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் வெளிநாட்டில் உறவினர் இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. சிங்கப்பூரில் 2018 முதல் வேப்பை வைத்திருந்தாலே குற்றம். துபாயிலோ 2019 முதல் கடையில் விற்க அனுமதி. "அங்கே விற்கிறார்களே" என்று பிள்ளை கேட்பான். ஊருக்கு ஊர் சட்டம் மாறும், நுரையீரல் மாறாது என்று சொல்லுங்கள்.

தன் கையால் தன்னை அழிவில் தள்ளிக்கொள்வதை அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். உடல் நமக்குச் சொந்தமில்லை, அது அமானிதம். இதில் உடலைவிடப் பெரிய இழப்பும் ஒன்று உண்டு. நம் அமல்கள் நிய்யத்தைப் பொறுத்தவை. ரமலானில் மஃரிப் பாங்குக்காகக் காத்திருப்பவர், தண்ணீரைவிடப் பீடிக்காக ஏங்கினால், அந்த நேரத்தில் அவர் மனம் யாருக்குக் கட்டுப்பட்டிருக்கிறது? அல்லாஹ்வுக்கு மட்டுமே அடிமையாக இருக்க வேண்டியவனை ஒரு சின்னக் கருவி அடிமையாக்குகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். அவனுக்குச் சுதந்திரம் பிடிக்கும்.

எப்படிச் சொல்வது? விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரைச் சபையில் இருந்தவர்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்களோ அவரை அருகில் அழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா என்று கேட்டுக் கேட்டு அவரையே சிந்திக்க வைத்தார்கள். பிறகு அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். முஸ்னத் அஹ்மதில் வரும் செய்தி இது. நம் பிள்ளை தவறியிருந்தாலும் முதலில் அருகில் உட்கார வைப்போம். விட முடியாமல் தவித்தால் மருத்துவரிடம் அழைத்துப் போவோம், அதில் வெட்கமில்லை. நம் பையில் பீடிக்கட்டு இருந்தால் அதையும் அவனோடு சேர்ந்தே விடுவோம்.

இந்தப் பூம்புகார் துறைமுகத்துக்கு வந்த சரக்கெல்லாம் சோழரின் புலி முத்திரை பெற்றுத்தான் வெளியே போகும் என்று பட்டினப்பாலை சொல்கிறது. இன்று எந்தச் சோதனையும் இல்லாமல் பார்சலிலேயே எதுவும் வந்துவிடும். எல்லா வாசலிலும் நாம் காவல் நிற்க முடியாது. பிள்ளையின் உள்ளத்தில் தக்வா இருந்தால் அதுவே காவல்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை உனக்கு மட்டுமே அடிமைகளாக வாழச் செய்வாயாக! உண்மையை அன்போடு சொல்லும் நாவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.